நாலு ஆட்டமும் டிரா

ஏப்ரல் மாதம் மட்டும் அடம் பிடித்தது. கணினித் திரையில் அந்த ஒரு கட்டம் சிவப்பாகவே நின்றது: நாற்பத்தோராயிரம் ரிங்கிட் பற்றாக்குறை.

சிகப்பி, தெப்ராவ் ரோவர்ஸ் கால்பந்துக் கிளப்பின் கணக்கு மேலாளர். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் கிளப்புக்கு எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும் என்ற முன்கணிப்பை இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் லீக் அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு மாதம் சிவப்பாக இருந்தாலும் உரிமம் கிடைக்காது. உரிமம் இல்லையென்றால் கிளப்புக்குப் பூட்டு. இருபத்தாறு ஆட்டக்காரர்களோடு அவளும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அந்த மாதத்து நாலு ஆட்டங்களில் பாதி ஜெயம், பாதி தோல்வி என்று வழக்கம்போலத்தான் கணக்குப் போட்டிருந்தாள். அப்படியும் இடித்தது. கிளப் தலைவர் கமலநாதனை போனில் பிடித்தாள்.

"பாஸ், ஏப்ரல்ல நாப்பத்தோராயிரம் வெள்ளி துண்டு விழுது."

"நாலு மேட்ச்சும் ஜெயிக்கிற மாதிரி போடும்மா. டிக்கெட் பிச்சிக்கிட்டுப் போகும்லா!"

போட்டாள். டிக்கெட் வருமானம் ஏறியது. ஜெயித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய போனஸ் அதைவிட வேகமாக ஏறியது. பற்றாக்குறை ஐம்பத்தெட்டாயிரம்.

"அப்ப தோக்கிற மாதிரி போடு. போனஸ் மிச்சம்."

அதையும் போட்டாள். ஆனால் தங்காக் ஊர்த் துணிக்கடைக்காரர் ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வைத்திருந்தார்: அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் பணம் கிடையாது. எழுபத்திரண்டாயிரம்.

"ஜெயிச்சாலும் நஷ்டம், தோத்தாலும் நஷ்டம். என்ன கிளப்பு பாஸ் இது?"

"ஆசைப்பட்டு வாங்கிட்டேன்மா," என்றார் கமலநாதன் பாவமாக.

மணி பதினொன்றே முக்கால். சிகப்பி பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு ஆட்டங்களுக்கு நேராகவும் 'டிரா' என்று அடித்தாள். போனஸ் கிடையாது, ஸ்பான்சரும் ஓடமாட்டார். கட்டம் பச்சையானது. மீதம் முந்நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்!

கணக்குத் தாளை லீக்குக்கு அனுப்பினாள். அதே கையோடு தலைவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள்.

தட்டிய பிறகுதான் பார்த்தாள். அது தலைவருக்குப் போகவில்லை. ஆட்டக்காரர்களின் குழுவுக்குப் போயிருந்தது. அந்த நாலு ஏப்ரல் ஆட்டங்களில் முதலாவது இன்று மாலைதான்.

போன மாதம்தான் லீக் அதிகாரி ஒருவர் வந்து பேசினார். ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே ஆட்டக்காரர்களிடம் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் சூதாட்டம், நேராக ஜெயில் என்றார்.

அவசரமாக அழிக்கப் போனாள். விரல் 'எல்லாருக்கும் அழி' என்பதை விட்டுவிட்டு 'எனக்கு மட்டும் அழி' என்பதில் பட்டது. இப்போது அந்தத் தாள் அவள் போனில் இல்லை. மற்ற இருபத்தாறு போன்களிலும் இருந்தது.

'மேலே உள்ளதை யாரும் பார்க்காதீங்க' என்று எழுதினாள். ஒரே நிமிடத்தில் இருபத்தாறு பேரும் பார்த்துவிட்டார்கள்.

'இன்னிக்கு வழக்கம்போல விளையாடுங்க' என்று சேர்த்தாள். கோல்கீப்பர் கண்ணடிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான். அதற்குமேல் எதையும் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை; தலைவருக்குக் கணக்கைப் போனில் வாயாலேயே சொன்னாள்.

மாலையில், திடல் பக்கமே வராத சிகப்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்தொன்பதாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. தெப்ராவுக்குப் பெனால்டி கிடைத்தது.

அடிக்க வந்தவன் லோகேஸ்வரன், பெக்கோக் ஊர்ப் பையன். ஏழு வருடத்தில் ஒரு பெனால்டிகூட விட்டதில்லை. தன் கணிப்பு பொய்த்துப் போகவேண்டும் என்று சிகப்பி எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டாள்.

லோகேஸ்வரன் ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது.

"அலாமாக்! நீ போட்டபடியே டிராம்மா!" என்று கமலநாதன் பக்கத்தில் கத்தினார்.

"மெதுவா பாஸ், மெதுவா!"

ஆட்டம் முடிந்ததும் சிகப்பி உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். லோகேஸ்வரன் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. ஏன் வெளிய அடிச்ச?"

"பூட்ஸ் அடி பிஞ்சிருச்சு மேடம். ஜனவரியில இருந்தே புதுசு வாங்கணும்னு இருக்கேன்." அடி வாய் பிளந்திருந்த பூட்ஸைத் தூக்கிக் காட்டினான்.

"காலையில நான் அனுப்புன ஷீட்டைப் பார்த்துட்டு இல்லையே?"

லோகேஸ்வரன் சிரித்தான்.

"அதுவா மேடம்? டிரா, டிரான்னு படிச்சப்ப எங்களுக்கும் பக்குன்னுதான் இருந்துச்சு. கீழ பார்த்தா, இருபத்தஞ்சாம் தேதி எல்லாருக்கும் மூணு மாசச் சம்பள பாக்கியும் வரும்னு போட்டிருந்துச்சு. அப்பத்தான் நிம்மதியாச்சு, நீங்க சும்மா விளையாட்டுக்கு அனுப்பியிருக்கீங்கன்னு!"