சனிக்கிழமைக் கூட்டத்தின் காரணம்

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைப் பற்றிக் கேட்டால், முழங்கால் வீங்கியிருக்கிறது, எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. எழுத்து எங்காவது கோணியிருந்தால் மன்னிக்க வேண்டாம். கான்வென்டில் எங்கள் மதர் கோணல் எழுத்தை ஒருநாளும் மன்னித்ததில்லை, நானும் எதிர்பார்த்துப் பழகவில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு தரம் "சரிம்மா" சொல்லிவிடுகிறாய். கடிதத்தின் நடுவில் அப்படிப் புகுந்து சொல்ல முடியாது. ஆகவே உட்கார்ந்து கடைசிவரை படி. ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது. அதை நிறுத்த உன்னால்தான் முடியும்.

எங்கள் தெரு முனையில் உள்ள மருந்துக்கடை உங்கள் கம்பெனியுடையது. நீ அங்கே தலைமை ஆஃபீஸில் இருக்கிறாய் என்பதை நான் இந்தத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. மகன் பெயரைச் சொல்லி இருமல் மருந்தில் தள்ளுபடி கேட்கிற நிலைக்கு உன் அப்பா என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தக் கடையில் நிற்கும் பெண்ணுக்குத் தெருவே சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறது, வைத்ததில் எனக்கும் பங்குண்டு. டாக்டர் சீட்டை நீட்டினால், "கோழி கிளறின மாதிரி இருக்கு, உங்க டாக்டரை ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்பாள். மிச்சக் காசைக் கையில் தரமாட்டாள், கவுன்டரில் வீசுவாள். ஆனால் மாத்திரை மாறி வந்ததில்லை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட்ட கணவனை அவள் சம்பளம்தான் காப்பாற்றுகிறது. நாள் முழுக்க நின்றபடியே வேலை. முன்பு ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்திருக்கிற ஆள் குறைவாக விற்கிறார் என்று உங்கள் ஆஃபீஸில் யாரோ கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அந்த யாரோ நீயில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் கடை வாசலின் மேலே சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றை மாட்டினார்கள். என்ன அது என்று கேட்டேன். "தலையை எண்ணுதாம். தலை கொறஞ்சா கடைய மூடிடுவாங்களாம். நானும்தான் தெனம் வரேன், என் தலையை அது சேர்க்கமாட்டேங்குது" என்றாள். அவள் குரலில் சிடுசிடுப்பு இல்லாததைக் கவனித்து எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தக் கடை போனால் அடுத்தது நெடுஞ்சாலைக்கு அப்பால். அந்தச் சாலையை எங்கள் வயதில் கடப்பவர்கள் மருந்துக்குப் போகத் தேவையில்லை, நேரே மேலே போய்விடலாம். ஃபோனிலேயே வரவழைக்கலாம் என்று நீ ஏற்றிக்கொடுத்த அந்த ஆப்பையும் திறந்து பார்த்தேன். ரத்த அழுத்த மாத்திரையைத் தொட்டதும், இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள் என்று கைத்தடியையும் படுக்கையில் வைக்கும் பாத்திரத்தையும் காட்டியது. மூடி வைத்துவிட்டேன்.

அப்போது உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? எங்கள் தெருக் கடையை மூடிவிடுவீர்களா என்றேன். "நம்பர் என்னம்மா?" என்றாய். மருந்து வாங்கப் போகிற இடத்தில் நம்பரையா பார்ப்பார்கள் என்றேன். "எங்களுக்கு நம்பர்தாம்மா தெரியும். முடிவு பண்றது நாங்க இல்ல, டேட்டா. ஆள் வந்தா கடை இருக்கும், வரலேன்னா இருக்காது. அவ்ளோதான்" என்றாய். மனிதர்களிடம் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. டேட்டாவிடம் கெஞ்ச வேண்டியதில்லை, ஆள் வந்தால் போதும் என்றால், அது கௌரவமான ஏற்பாடாகவே எனக்குப் பட்டது.

ஆகவே தெருவில் சும்மா இருக்கிறவர்களை என் வீட்டுக்கு வரச்சொன்னேன். மாதம் ஒருமுறை வாங்குகிற மருந்தை வாரம் ஒருமுறை வாங்க முடியாது. வாங்கினால் விழுங்க வேண்டும். ஆனால் உள்ளே போய்வரலாமே. சாயங்காலம் வரிசையாகப் போவது, ஒரு நிமிஷம் பற்பசையைப் பார்ப்பது, வெளியே வந்து மறுபடி வரிசையில் நிற்பது. வாசலில் வம்பளக்கக் கூடாது. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு போனால் அந்தப் பெட்டி ஒருவராக எண்ணிவிடும், இடைவெளி வேண்டும். இதற்கு எதிர்வீட்டு ஓரகத்திகள் இருவரும் வெகு பொருத்தம். சொத்துப் பிரித்த நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி உள்ளே இருக்கும்வரை மற்றவள் படியில் கால் வைக்கமாட்டாள். இப்படி ஒழுங்காக எண்ணப்படுவதற்கென்றே பிறந்த இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. மாடியில் குடியிருக்கும் ரயில் கார்டு, ஓய்வுபெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் வெள்ளை பேன்ட்டை விடாதவர், வரிசையை நடத்தும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் "ரைட்" என்று கையைத் தூக்குவார். "மேடம், கார்டு கடைசிப் பெட்டியிலதான் ஏறணும், அது ரூல்" என்று எல்லோருக்கும் பின்னால்தான் நுழைவார்.

அந்தப் பெண்ணுக்கு முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. "வாங்கவும் மாட்டேங்கிறீங்க, போகவும் மாட்டேங்கிறீங்க, என்ன ஊர்வலமா இது?" என்று கத்தினாள். கார்டு மேலே இருந்த பெட்டியைக் கண்ணால் காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு கவுன்டருக்குக் கீழே குனிந்துகொண்டாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. சிரிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எழுந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "பற்பசையைக் கலைக்காம பாருங்க, நான்தான் அடுக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. என்னைப் பற்றியும் சொல்கிறேனே, உன் அப்பா போன பிறகு சாயங்காலம் என்று ஒன்று எனக்கு இருந்ததில்லை, இருட்டும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்; இப்போது சேலையை மாற்றிக்கொண்டு தலை வாரிக்கொண்டு கிளம்ப ஓரிடம் இருந்தது, அங்கே போனால் ஒருவர் தாமதமாக வந்தால் மற்றவர்கள் முறைத்தார்கள், அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. ஒரு சனிக்கிழமை, சாயங்காலமாகியும் வெயில் இறங்கவேயில்லை. கார்டு கால் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையாமல், வெறுங்காலோடு வந்தார். இன்று வேண்டாம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "செருப்பு இல்லாமலா?" என்றுதான் கேட்டேன். "ஸாரி மேடம்" என்றார். எல்லோரையும் "ரைட்" சொல்லி உள்ளே அனுப்பினார், கடைசியாக அவர் காலை வைத்தார், அப்படியே வாசலில், அந்தப் பெட்டிக்கு நேர் கீழே, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டார்.

அதன் பிறகு யார் வரிசையைப் பார்த்தார்கள்? தெருவே ஓடி வந்தது. தண்ணீர் கொண்டுவர ஒருவர், விசிறி எடுக்க ஒருவர், அவர் சட்டைப் பையில் மகள் நம்பர் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர், ஆளாளுக்கு அவரைத் தாண்டி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். ஓரகத்திகள் அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். "தண்ணி எங்கடி?" "உன் கையிலதான் இருக்கு, ஊத்து." அந்தப் பெண் கவுன்டரைத் தாண்டிக் குதித்து வந்து அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள், "பெரியவரே, பெரியவரே" என்று அவள் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, ஸ்ட்ரெச்சர் அந்த வாசலில் திரும்பாமல், உள்ளே கொண்டுபோய், வெளியே கொண்டுவந்து, மறுபடி உள்ளே திருப்பி, பிறகுதான் வண்டிக்கு எடுத்துப் போனார்கள். ஏற்றும்போதே அவர் போய்விட்டிருந்தார். நாங்கள் கடைக்குப் போவதை அன்றோடு விட்டுவிட்டோம்.

போன வாரம் நீ ஃபோன் செய்தாய். இவ்வளவு சந்தோஷமாக உன் குரலைக் கேட்டு நாளாயிற்று. "அம்மா, ஒரு கடை சிக்கியிருக்கு. மூடற லிஸ்ட்ல இருந்தது. விளம்பரம் ஒண்ணும் கெடயாது, திடீர்னு சாயங்காலமானா ஆளா வந்து கொட்டுது. ஆனா ஒருத்தரும் வாங்கல. அப்போ கோளாறு எங்க, சொல்லு?" நான் பெருமையோடு, "எங்கேப்பா?" என்றேன். "கவுன்டர்ல! அங்க நிக்கிறவங்களுக்கு விக்கத் தெரியல. ஆளைத் தூக்கிட்டு மருந்து குடுக்கிற மெஷின் வெச்சா போதும், கடையை மூடவே வேணாம். இதைக் கண்டுபிடிச்சது நான்தான். மீட்டிங்ல எல்லாரும் எழுந்து கை தட்டினாங்கம்மா." அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, பார். பிறகு நீ சொன்னாய்: "அதுலயும் ஒரு சனிக்கிழமை இருக்கு, கிராஃப்ல கோடு செங்குத்தா ஏறுது. அன்னிக்கு அந்தக் கடையில என்ன பண்ணாங்கன்னு மட்டும் தெரிஞ்சிட்டா, எல்லாக் கடையிலயும் அதையே பண்ணிடலாம்."

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்தேன். பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன்.

மறுநாள் அந்தக் கடைப் பெண்ணுக்குச் செய்தி வந்துவிட்டது. ஆள் வந்து சொல்லவில்லை, ஃபோனில் வந்தது. வாடிக்கையாளர் வருகை மிகச் சிறப்பு, விற்பனைத் திறன் போதாது, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளவும் என்று. அவள் அதை என்னிடம் காட்டி, "மிகச் சிறப்புன்னு போட்டிருக்காங்க, அது நீங்கதான்" என்றாள். குத்திக்காட்டத்தான் சொன்னாளா, நன்றியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தைரியமில்லாமல் வந்துவிட்டேன்.

மகனே, அந்தக் கடை எங்கள் தெருக் கடை. வந்து கொட்டிய ஆட்கள் உன் அம்மாவும், மூட்டு வலிக்காரர்கள் கொஞ்சம் பேரும். உன் கோட்டின் உச்சியில் ரயில் கார்டு படுத்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் கடையில் என்ன செய்தார்கள் என்று கேட்டாயே, ஒரு மனிதர் செத்தார், அதைத்தான் செய்தார்கள். அதை எல்லாக் கடையிலும் செய்ய முடியாது. அவளுக்கு விற்கத் தெரியும். வாங்குவதற்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். படித்த மறுநாள் காலையில் இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியின் மேஜையில் வை. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று நின்றுகொண்டு சொல். வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கத்தால் யாரும் படுத்த படுக்கையாவதில்லை. பொய்யென்று தெரிந்த ஒன்றுக்குக் கைதட்டல் வாங்குவதற்கு நான் உன்னை வளர்க்கவில்லை.

உனக்குக் கண்ணும் மனமும் ஒன்றாகத் தெளிந்திருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். இருவரும் பல்லாண்டு ஒற்றுமையாக வாழ என் ஆசீர்வாதம்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் மனைவி ஃபோன் செய்தாள். "அத்தை, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு இவர் சொல்லியிருக்கார்" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. உன் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாமே. "அந்த லிஸ்ட்ல இவர் பேரும் இருந்துது அத்தை. அந்தக் கடையைக் கண்டுபிடிச்சதாலதான் இவர் பேரை அடிச்சுட்டாங்க" என்று அழுதாள். நீ ராத்திரி தூங்குவதில்லை என்றும் சொன்னாள். ஆகவே மேலே எழுதியதை எங்கும் வைக்காதே. நானே கிழித்திருப்பேன், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்துவிட்டது, மனம் வரவில்லை. படித்ததும் நீ கிழித்துவிடு. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வற்புறுத்திக் கேட்டால், இலவசமாக ரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று சொல். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, எல்லாக் கடையிலும் பார்க்கட்டும்.

சற்றுமுன் அந்தக் கடைப் பெண் இங்கே வந்திருந்தாள். "அம்மா, நீங்க நாலும் தெரிஞ்சவங்க. ஹெட் ஆஃபீஸ்ல யாராவது பழக்கம் இருக்கா? ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள். என்னிடம் அவள் குரல் தணிந்து பேசி இன்றுதான் கேட்கிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.