கம்பளி டீமேக்கரும் கைக்கு அகப்படாத செம்பு நிறமும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் கடவுள் எதையெல்லாம் படைத்தாரோ, அதெல்லாம் ஸ்வெட்டர் டிசைனுக்காகத்தான் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஆத்மா எங்கள் கம்பளி டீமேக்கர்.

தோட்டத்து ஃபாக்டரியில் தேயிலைக்கு அவர்தான் அதிகாரி. நான் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த சின்னக் கிளாக்கர். இரண்டு பேருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ். பங்களாவில் ஆயாவாக இருந்த அவருடைய அம்மா, துரைசாணியிடம் கற்ற பின்னலை மகனுக்கும் பழக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். மனிதருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. கோட்டின் ஒரு பையில் நூலுருண்டை, இன்னொரு பையில் ஊசிகள். மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே பின்னுவார்.

"பொஸ்தகத்தப் பாத்துப் பின்றது கிளாக்கர் வேல தம்பி," என்பார், கிளாக்கரான என் முகத்துக்கு நேராகவே. "நாமல்லாம் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுப் பின்னணும்."

கண்ணைத் திறந்து வைத்ததால் வந்த வினைகள் கொஞ்சமல்ல. ஒரு நாள் காலைப் பெரட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம். பனிமூட்டத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கங்காணி பேர் கூப்பிடுகிறார். நடுவில் நுழைந்தார் நம்மவர்.

"செவப்புத் துண்டு, நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. மஞ்சப் பொடவ, இங்கிட்டு வா. அந்தக் கறுப்புக் கம்பளிய ரெண்டுக்கும் நடுவுல விடுங்க."

"ஐயா, இது பெரட்டுக்களமா, பொடவக் கடையா?" என்றார் கங்காணி.

"ஒரு நிமிசம் கங்காணி. தோள்பட்டை டிசைன் இன்னும் முடியல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயாவுக்கு வீட்டுல ஒருத்தி இருந்தா எங்கள ஏன் இப்புடி அடுக்கி வச்சுப் பாக்கப் போறாரு?" பெரட்டே சிரித்தது. அவருக்குக் காதில் விழவில்லை. அவர் தோள்பட்டையில் இருந்தார்.

எனக்கும் ஒரு ஜோடி காலுறை பின்னிக் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் முழங்கால் வரைக்கும். அதன் மேல் பழுப்பு உடம்பும் ஓரத்தில் மஞ்சள் கோடுமாக அட்டைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. "அட்டையோட அந்த மஞ்சக் கோட்ட யாராச்சும் இதுவரைக்கும் மதிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அதை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனதுதான் என் தப்பு. "ஐயோ, சின்னையா கால்ல அட்ட!" என்று ஒருத்தி அலறினாள். என்னைக் கீழே உட்கார வைத்து ஆளாளுக்கு வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அப்பினார்கள். வெள்ளைக் காலோடு திரும்பி வந்தவனைப் பார்த்து மனிதர் பரவசமானார்: "நெசம்னே நெனச்சுட்டாளுகளா!"

இப்படிப்பட்டவருக்கு நோர்வூட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் ஸ்கூல் டீச்சர். அப்பா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. டீமேக்கர் உத்தியோகம் என்ற ஒன்றுக்காகவே சம்மதித்திருந்தார். அதற்கு முந்தின வரன் உடைந்த கதை ஊருக்கே தெரியும். பெண்ணின் மூக்குத்தியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கழுத்துப் பட்டிக்கு நல்லா இருக்கும்," என்று சொல்லியிருந்தார். இதையும் விட்டால் இனி வரன் வராது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"தம்பி, இந்தத் தடவ பாக்கும்போதே என்னப் புரியணும்," என்று ஒரு ஸ்வெட்டரை ஆரம்பித்தார். தேயிலையின் வாழ்க்கை வரலாறு அது. தோளில் பச்சைக் கொழுந்து, கீழே வாடின கொழுந்து, நடுவில் செம்பு, அடியில் டீத்தூள் கறுப்பு. எல்லா நிறமும் கிடைத்தது, செம்பைத் தவிர.

அரைத்த கொழுந்தை மேசையில் பரப்பி வைத்தால் பச்சை மெல்ல மெல்லச் செம்பாக மாறும். அந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். டீமேக்கர் என்று ஒருவர் இருப்பதே அதற்குத்தான். அதில் ஒரு கைப்பிடியைப் பொட்டலம் கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு ஹட்டனில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் நூல் கடைக்கு பஸ் ஏறினார். கடையில் பிரித்தால் கன்னங்கரேல். நானா கறுப்பு நூலை எடுத்துப் போட்டார்.

"செம்பு கேட்டேன் நானா!"

"நீங்க கொண்டாந்தது கறுப்பு, நான் தாறது கறுப்பு. இதுல என்ன குத்தம்?"

அப்படியானால் நூல்தான் இலையிடம் வர வேண்டும் என்று முடிவானது. நானாவிடமிருந்த செம்பட்டை நூல்களில் எல்லாம் ஒவ்வொரு முழம் வாங்கி வந்தார். மறுநாள் நான் ஃபாக்டரிக்குப் போனபோது மேசை மேல் குனிந்திருந்தார். ஒரு நூல் பொருந்தும். அதை முடிச்சுப் போட்டு வைப்பதற்குள் இலை அடுத்த நிறத்துக்குப் போயிருக்கும்.

"ஐயா, அடுப்புக்கு அனுப்பட்டுங்களா?" என்றான் அடுப்புக்காரன்.

"பொறுப்பா. இப்ப வந்துரும்."

வந்தது பெரிய தொரை. நேரம் தப்பி அடுப்பேறிய அந்தத் தேயிலையில் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினார். "டீமேக்கர், இது டீயா, கஷாயமா? வேலை இருக்கா இல்லையா, திங்கட்கிழமை சொல்றது."

பெண் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை.

சொந்தக்காரர் யாரும் இல்லாததால் நான்தான் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். "தொரை சொன்னத மட்டும் அங்க சொல்லிறாதீங்க," என்று பஸ்ஸில் கெஞ்சினேன். தலையாட்டினார். அவர் போட்டிருந்த ஸ்வெட்டரின் நடுவில், செம்பு வர வேண்டிய இடத்தில், வெறும் வெள்ளை நூலில் ஒரு பட்டை.

டீச்சர் டீயைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் நல்லாருக்கு. நடுவுல மட்டும் ஏன் வெள்ளையா விட்டிருக்கீங்க?"

அவ்வளவுதான். டிசைனைப் பற்றி அவரிடம் மனதாரக் கேட்ட முதல் ஜீவன். பொட்டலம், நானா, மேசை, கஷாயம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நான் கிள்ளினேன், கம்பளி தடிப்பு, உறைக்கவில்லை. அப்பாவின் கோப்பை டக்கென்று பீரிசுத் தட்டில் இறங்கியது.

"கையக் காட்டுங்க," என்றார் டீச்சர்.

பிரம்படிக்கு நீட்டும் பையன் மாதிரி நீட்டினார். வருஷக்கணக்காகக் கொழுந்தை அள்ளி அள்ளிக் கறை ஏறின உள்ளங்கை. எந்தச் சோப்புக்கும் போகாத அசல் செம்பு.

"இந்தா இருக்கே. இதக் கொண்டுபோய் நானாகிட்ட காட்டுங்க. இது ஹட்டன் போறதுக்குள்ள கறுக்காது."

மனிதர் தன் கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை தொரை அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பதவியைக் குறைத்து, கொழுந்து வாட்டும் மாடிக்கு அனுப்பினார். "மாடியில வேல பாக்கறவனுக்கு எப்புடிப் பொண்ணக் குடுக்குறது?" என்று நோர்வூட்டில் அப்பா குதித்தாராம். "மாடிதானப்பா, எறங்கி வந்துருவாரு," என்று மகள் முடித்துவிட்டார். இறங்கியும் வந்தார், கொஞ்ச காலம் கழித்து, பழையபடி டீமேக்கராகவே. கல்யாணத்தன்று பட்டுவேட்டிக்கு மேலே அந்த ஸ்வெட்டர்தான், வெள்ளைப் பட்டையைப் பிரித்துச் செம்பில் பின்னியிருந்தது.

இப்போது அவர்கள் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். ஹட்டன் கடையில் அந்த நூலுக்கு 'டீமேக்கர் கை' என்றே பேர் நிலைத்துவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நானும் ஒரு உருண்டை கேட்டு வாங்கி வந்தேன். மேசை மேல்தான் இருக்கிறது. எனக்குப் பின்னத் தெரியாது.