அனுமதி கேட்காத வேட்பாளர்

ஜெர்மனியில் எவரிடமும் எதற்கும் அனுமதி கேட்காமல் வாழ்ந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் வீட்டுக்குக் கீழே சாவி வெட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நாட்டை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று விளங்கும். இங்கே மரம் தறிக்க ஒரு படிவம், நாய் வளர்க்க ஒரு படிவம். ஆற்றில் தூண்டில் போடுவதற்குப் பரீட்சையே எழுத வேண்டும். இவரோ எந்தப் படிவத்தையும் தொடமாட்டார். கடைக்கான அனுமதிகூடத் தன் தகப்பன் எடுத்தது, தனக்கு அதில் பங்கில்லை என்று சத்தியம் செய்வார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். நானும் குணம் அண்ணையும் மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு அகதி வழக்கு முடியவில்லை. பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். கீழ்க்கடைக்காரர் மூன்று சொல்லுக்கு ஒரு சொல் 'ஃப்ரைஹைட்' என்பார். சுதந்திரம் என்று அர்த்தம். குணம் அண்ணை அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்: சுதந்திரம் அண்ணை. அவர் பேசியது ஜெர்மன்தான். ஆனால் இருபது வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது, அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்ததாகவே என் காதில் விழுகிறது.

சுதந்திரம் அண்ணைக்கு ஒரு கட்சி இருந்தது. அரசாங்கம் மனிதரை விட்டுவிட வேண்டும் என்பது அதன் கொள்கை. மொத்தம் ஏழு பேர். கட்சி என்றால் தலைவர் வேண்டும் என்று சட்டம் சொன்னது. மற்றவரை ஆள ஏழு பேருக்கும் விருப்பமில்லை. கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். சுதந்திரம் அண்ணையின் பெயர் விழுந்தது.

"தலைவராகி முதல் என்ன கட்டளை போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"வீட்ட போக விருப்பமானவை போகலாம் எண்டனான்."

"பிறகு?"

"மூண்டு பேர் எழும்பிப் போயிட்டினம்."

மாநிலத் தேர்தல் வந்தது. கம்பங்களில் சுவரொட்டி கட்ட நகரசபையிடம் அனுமதி எடுக்க வேண்டும். அவர் எடுப்பாரா? தன் படத்தை இரண்டு பெரிய அட்டைகளில் ஒட்டி, ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். கூட்டம் போடவும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். ஆகவே அவர் நின்று பேசவே இல்லை. நடந்துகொண்டே பேசினார். கேட்க விரும்பியவர்கள் கூடவே நடந்தார்கள். பனிக்குளிரில், எதிர்க்காற்றில், அரசாங்கத்தை எப்படிச் சுருக்குவது என்று அவர் முழங்க, பின்னால் இரண்டு கிழவர்கள், ஒரு நாய், வந்தவர்களுக்குக் கடிக்கக் கொடுக்க இறைச்சி ரோல்ஸ் பெட்டியோடு நான். நாய்தான் கடைசிவரை வந்தது. அதற்குக் காரணம் ரோல்ஸ் என்று குணம் அண்ணை சொன்னார். கொள்கை என்று சுதந்திரம் அண்ணை சொன்னார்.

சின்னக் கட்சிகளுக்கு ஒரு தடை உண்டு. வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் வர வேண்டுமென்றால் அந்தத் தொகுதி வாக்காளர் நூறு பேர் கையெழுத்திட வேண்டும். இட்டவர் உண்மையான வாக்காளர்தான் என்று நகரசபை ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்த வேண்டும். அனுமதியையே வெறுத்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துச் சேர்த்தார். சாவி வெட்ட வந்தவர்கள், செருப்புக்குக் குதி அடிக்க வந்தவர்கள், எவரையும் விடவில்லை. நானும் பேனையை எடுத்தேன்.

"உமக்கு ஏலாது தம்பி. நீர் இந்த நாட்டு ஆள் இல்லையாம்," என்று சொல்லிவிட்டு, அந்தச் சட்டத்தை எழுதியவர்களை அரை மணித்தியாலம் திட்டினார்.

அந்தக் கிழமைதான் பான் நகரத்தில் என் தங்கச்சிக்குக் கலியாணம். சனிக்கிழமை. எங்களுக்குத் தகப்பன் இல்லை. கைபிடித்துக் கொடுக்க நான்தான் போக வேண்டும். வழக்கு முடியாத அகதி தன் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதி வேண்டும். அதற்கு அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த 'டெர்மின்', அதாவது சந்திப்பு நேரமோ, அடுத்த செவ்வாய்க்கிழமை. வியாழன் காலை அந்தக் கடிதத்தோடு கீழே இறங்கி வந்தேன்.

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பக்கத்து மாநிலத்துக்குப் போறதுக்கோ?"

"ஓம் அண்ணை."

"தங்கச்சியின்ர கலியாணத்துக்கோ?"

"ஓம்."

மெசினை நிறுத்தினார். கடையைப் பூட்டினார். உள்ளே போய், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவரைக் கழுத்துப்பட்டியோடு அதற்கு முன் நான் கண்டதில்லை.

வெளிநாட்டார் அலுவலகத்தில் இலக்கச்சீட்டு எடுத்து, மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். எங்கள் முறை வரப் பதினொரு மணி. மேசைக்குப் பின்னாலிருந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?"

"அயல்வீடு."

"இவருக்குச் செவ்வாய்க்கிழமைதானே டெர்மின்?"

சுதந்திரம் அண்ணை இப்போது மேசையில் குத்துவார் என்று நான் கண்ணை மூடினேன். குத்தவில்லை. "தயவுசெய்து," என்றார். "கலியாணம் சனிக்கிழமை. தயவுசெய்து." தன் கையாலேயே விண்ணப்பத்தை நிரப்பினார். கட்டம் கட்டமாக, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அழகான எழுத்தில். அந்த அம்மா மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றார். மேலதிகாரி மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார்கள். காத்திருந்தோம். நான்கு மணிக்கு அனுமதித் தாள் கைக்கு வந்தது.

"கெதியாப் போய் உடுப்பை அடுக்கும்," என்று என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவர் எதிர்ப்பக்கம் ஓடினார். அந்த வயதில், அந்தக் கழுத்துப்பட்டியோடு. ஏன் ஓடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கலியாணம் முடிந்து திரும்பிய பிறகு குணம் அண்ணைதான் சொன்னார். வியாழன் மாலை ஆறு மணிதான் கையெழுத்துகள் ஒப்படைக்கும் கடைசி நேரம். தொண்ணூற்று மூன்று தாளில் முத்திரை இருந்தது. மிச்சம் ஏழுக்கு அன்று பகல் குத்துவிப்பதாக இருந்தார். அவர் ஓடிப் போனபோது முத்திரை குத்தும் பகுதி நான்கு மணியோடு பூட்டியாயிற்று. ஏழு தாள் குறைவு. கட்சி தேர்தலில் இல்லை.

கலியாணப் பலகாரப் பெட்டியோடு கடைக்குப் போனேன்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

ஒரு பயத்தம் பணியாரத்தைக் கடித்தபடி சொன்னார்: "அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத் தேர்தல் வரும். தங்கச்சியும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்காவோ கலியாணம் கட்டப் போறா?"

ஐந்து வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. அதற்குள் என் வழக்கு வென்று, பிரஜாவுரிமையும் கிடைத்திருந்தது. அவருக்கு நூற்றைந்து கையெழுத்து. முதலாவது என்னுடையது. வாக்குச்சீட்டின் கடைசி வரியில் அவர் பெயர். இருநூற்றுச் சொச்சம் வாக்கு விழுந்தது, கட்சி வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அடுத்த நாள் அவர் பத்திரிகையை விரித்தபடி கலங்கிப்போய் இருந்தார்.

"இவ்வளவு பேரோ! இப்பிடியே போனால் நான் ஆள வேண்டி வந்திடுமே தம்பி."

அடுத்த கூட்டத்தில் மிச்சம் இருந்த நான்கு பேரும் ஏகமனதாக ஒருவரையொருவர் விடுதலை செய்தார்கள். கட்சி முடிந்தது.

எனக்கு அரசாங்கம் வேண்டும். என் பிள்ளைகள் படிப்பது அரசாங்கப் பள்ளிக்கூடத்தில்தான். அவருடைய கொள்கையில் பாதி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, மற்றப் பாதி பயமாக இருக்கிறது. அந்தத் தேர்தலில் யாருக்கு வாக்குப் போட்டீர் என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: உங்கட கட்சிக்கு இல்லை அண்ணை, உங்களுக்கு.