கட்டிலில் படுத்த ஐந்து கோடி வருஷத்து இலை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நான் சுகமாக இல்லை. காரணம் தங்கள் மகள். சம்பந்தம் பேச வந்தபோது, "எங்க பொண்ணு ரொம்ப அமைதிங்க, கல்லு மாதிரி உட்கார்ந்து படிப்பா" என்றீர்கள். பின்னாலேயே கல்லும் வரும் என்று சொல்லவில்லையே!

அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் கூரை ஒழுகுகிறதாம். அதனால் இலை பதிந்த கற்களையெல்லாம் நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். முதலில் மாடிப்படிக்கு அடியில் வைத்தாள், என் செருப்பை வேறு இடத்துக்கு மாற்றினேன். கூடத்துக்கு வந்தன, சுற்றி நடந்தேன். பிறகு என் கட்டிலுக்கு வந்துவிட்டன. இப்போது நான் சோபாவில் முழங்காலை மடக்கிக் கிடக்கிறேன், ஐந்து கோடி வருஷத்து இலை மெத்தையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

அதையும் பொறுத்தேன். போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து, "மாமா, இந்தக் கல்லு கிடைச்ச மலையில அப்போ சராசரி வெப்பம் இருபத்திநாலு டிகிரி. நல்ல மழை" என்றாள்.

"யாரும்மா அளந்தது?"

"இலைதான் மாமா. ஓரம் வழவழன்னு இருக்கிற இலை நிறைய இருந்தா அது சூடான ஊரு. ஓரம் பல்லு பல்லா இருந்தா குளிர் ஊரு. பல்லு இல்லாதது எத்தனை பங்குன்னு கணக்குப் போட்டா டிகிரி வந்துடும். இலை பெரிசா இருந்தா மழை ஜாஸ்தி."

சம்பந்தி, நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்தவன். பலூன் விட்டேன், கருவி வைத்தேன், வெயிலில் நின்று அளந்தேன். அப்படியும் நாளைக்கு வரப்போகிற மழையை "ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும்" என்றுதான் எழுதினேன். நான் மழை இல்லை என்றால் தெருவே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும், அது வேறு விஷயம். ஆனால் இவள் பேச்சில் ஒரு "கூடும்" கூடக் கிடையாது! தங்கள் மாப்பிள்ளை (என் மகன் என்று சொல்லிக்கொள்ள இப்போதைக்கு மனசில்லை) தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்பா" என்றான்.

பொய் என்று நிரூபித்துவிடுவது என்று மறுநாள் காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவில் உள்ள ஒவ்வொரு செடியிலும் மரத்திலும் ஓர் இலை பறித்து, கடைசி வீட்டு மதில்மேல் ஏறி எட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரர் வந்து நின்றார். அவர் பல் டாக்டர்.

"என்ன சார் பண்றீங்க?"

"பல் இருக்கா இல்லையான்னு பார்க்கிறேன்" என்றேன்.

"அதுக்கு கிளினிக்குக்கு வரணும் சார். மதில்ல ஏறக் கூடாது."

விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், மதில் காலை வாரிவிட்டது. அவருடைய ரோஜாச் செடிமேல்தான் விழுந்தேன். எங்கே முள் குத்தியது என்று தங்களுக்கு எழுதுவது மரியாதை இல்லை.

ஆனால் கணக்குப் போட்டதும் வலி பறந்துவிட்டது. எங்கள் தெருவில் கம்பளி இல்லாமல் வாசலுக்கே வர முடியாது என்று விடை வந்தது! தாளைக் கொண்டுபோய் அவள் முன்னால் வீசினேன். அவள் என் இலைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"ரோஜா, செம்பருத்தி இதெல்லாம் எங்கிருந்தோ கொண்டுவந்து தண்ணி ஊத்தி வளர்த்தது மாமா. இந்த மண்ணுல தானா வளர்ற மரத்தைத்தான் எண்ணணும்."

விடுவேனா? நொண்டிக்கொண்டே ரயில் பாதைக்கு அப்பால் உள்ள காட்டுக்குப் போய், பறித்து, எண்ணி, அங்கேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் ஆயுசெல்லாம் அளந்து வைத்த சராசரிக்கும் அதற்கும் அரை டிகிரிதான் வித்தியாசம். எந்தக் கருவியும் இல்லாமல், சம்பளமும் வாங்காமல், அந்த மரங்கள் அதையே சொல்லிக்கொண்டு நின்றிருக்கின்றன. வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கெக்கலி கொட்டுவாள் என்று பார்த்தால், "மாமா, நீங்க அளந்து எழுதி வச்சதையெல்லாம் எனக்குக் குடுப்பீங்களா? இந்தப் பக்கத்துல ஒரு நாள் விடாம அளந்தவர் நீங்க ஒருத்தர்தான்" என்கிறாள். முப்பத்திநாலு வருஷத்தில் என்னிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்தது. தூசியால்தான். கல்லை வைத்திருக்கும் வீட்டில் தூசி இருக்கத்தானே செய்யும்!

ஆகையால், தாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து மகளைக் கண்டித்து, கற்களை அப்புறப்படுத்தி, என் கட்டிலை எனக்கு மீட்டுத் தர வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அங்குள்ள தங்கள் பேரன் பேத்திகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
சோபாவில் முடங்கிக் கிடக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது வாசலில் வண்டி வந்து நிற்கிறது. கூரை சரியாகிவிட்டதாம், கற்களை ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். வீட்டில் பெரியவன் என்று ஒருவன் இருக்கிறானே, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கட்டிலில் உள்ளவற்றில் பாதிகூட நான் இன்னும் எண்ணவில்லை. கற்களுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு ஏறி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், இறங்குவதாக இல்லை. ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே புறப்பட்டு வந்து, ஒரு கல்கூட இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று தங்கள் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.