உள்துறை, வெளியுறவுத் துறை, ஒரு கார்டினியா

மனித குலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தது சரி. ஒரு பூந்தொட்டியை நிர்வகிக்க இரண்டு துறைகள் வேண்டும் என்று கண்டுபிடித்தவர் ஓர் அரசு அலுவலகத்தின் மேலதிகாரிதான். கார்டினியா என்ற பூச்செடியை அறைக்குள் வளர்க்க ‘உள்துறை’. முற்றத்தில் வளர்க்க ‘வெளியுறவுத் துறை’. தொட்டி என்னவோ ஒன்றுதான்.

அதை இரண்டுக்கும் நடுவே தூக்கிச் சுமக்கும் ‘இணைப்பு அலுவலர்’ பதவி தட்டச்சம்மாவுக்குக் கிடைத்தது. அவளுக்கு வந்த இடமாற்ற உத்தரவு அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறி வந்த மகள் இப்போதுதான் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் ஆய்வுக்கு வரும் நாளில் செடி பூத்திருந்தால் ‘பார்க்கலாம்’ என்று அதிகாரி வாக்களித்திருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் தொட்டியைத் தூக்கினாள்.

துறைகள் சும்மா இருக்கவில்லை. குளிர்சாதனக் காற்றில் செடி காய்ந்துவிடும் என்று உள்துறை கூழாங்கல் தட்டில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்கு அடியில் வைத்தது. காலை வெயில் ஆகும், உச்சி வெயில் ஆகாது என்று வெளியுறவுத் துறை நிழல்வலை கட்டியது. இரண்டும் சரிதான். ஆனால் ஒரே இடத்தில் விட்டால் எவரும் வேரூன்றிவிடுவார்கள் என்பது அதிகாரியின் நிர்வாகத் தத்துவம். ஆகவே செடிக்கும் சுழற்சி முறை. காலையில் வெளியே, மதியம் உள்ளே, கூட்டம் என்றால் மாடிக்கு. மொட்டு விடும், தூக்குவாள், உதிரும். ஒவ்வொரு மொட்டு விழும்போதும் இயக்குநர் வர இன்னும் எத்தனை நாள் என்று தட்டச்சம்மா எண்ணிப் பார்த்தாள்.

இரு துறைகளும் ஒன்றன்மேல் ஒன்று பழிபோட்டு ஓய்ந்தபின் அவசரக் கூட்டம் கூடியது. அதிகாரி கைப்பேசியில் எதையோ படித்தார். குரல் தழுதழுத்தது.

“அடிக்கடி இடம் மாத்தினா தாங்காதாம்யா. புது வெளிச்சம், புதுக் காத்து. பழகறதுக்குள்ள தூக்கிடறோம். எவ்வளவு பெரிய பாவம் பண்ணியிருக்கோம்.”

கூட்டம் கண்கலங்கியது. உதிர்ந்த மொட்டுகளுக்கு மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. செடியை இனி எவரும் அசைக்கக் கூடாது என்ற உத்தரவைத் தட்டச்சம்மாவே அடித்தாள். அடிக்க அடிக்க அவள் மனசு லேசாயிற்று.

ஜன்னலோரம் நிலைத்த செடி, இயக்குநர் வந்த அன்று வெள்ளை வெளேரென்று பூத்தது. இயக்குநர் அதிகாரியின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தட்டச்சம்மா மெல்லப் போய் மேசை முன் நின்றாள். அதிகாரி அவளுடைய இடமாற்ற உத்தரவில் கையெழுத்திட்டு நீட்டினார். பார்க்கலாம் என்றுதானே சொன்னேன், பூவைப் பார்த்தாயிற்று, தொட்டியைத் தூக்க இனி ஆளும் தேவையில்லை என்றார்.

“சார், பொண்ணு இப்பதான் இங்க பழகியிருக்கா. அந்தச் செடிக்குப் பாத்த மாதிரி எனக்கும் கொஞ்சம்...”

அவளுடைய அறியாமையைக் கண்டு அதிகாரிக்கு இரக்கம் பிறந்தது. பொறுமையாக விளக்கினார்.

“என்னம்மா நீ. அதுக்கு உயிர் இருக்கு.”