முத்துத்தாய்க்குத் தெரியாது

"முத்துத்தாய்க்குக் கால் சுளுக்கிருச்சு. அவளால கணவாய்க்கு வர முடியாது" என்று ஜெனி அறிவித்தாள்.

கோரிப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது பவதாரிணியின் வீடு. அங்கே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஞாயிறு மதியங்களில் அவர்கள் ஒரு கதையை விளையாடுவார்கள். பவதாரிணி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஜெனியின் பாத்திரம் முத்துத்தாய், மலைப்பாதையில் உப்பு கொண்டுபோய் விற்கும் கூட்டத்தின் தலைவி. ராஜபாண்டியின் பாத்திரம் அவர்களுக்கு வழிகாட்டும் கருத்தக்கண்ணன்.

சுளுக்குக்குக் காரணம் இருந்தது. சற்று முன்னால்தான் பவதாரிணி எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். கருத்தக்கண்ணன் கள்வர்களோடு கூட்டு. கணவாய்க்குள் வைத்து எல்லோரையும் காட்டிக்கொடுக்கப் போகிறான். இது ஜெனிக்குத் தெரியும், முத்துத்தாய்க்குத் தெரியாது. ஆகவே முத்துத்தாய் ஒன்றும் அறியாதவளாக அவன் பின்னால் போக வேண்டும். அதுதான் விதி.

ஜெனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாரம் முழுக்க அவள் டீச்சர், மருமகள், ஓசூரில் வேலை பார்க்கும் ஜெய்சனின் மனைவி. இந்த ஒரு மதியம்தான் அவளுடையது. முத்துத்தாய் செத்தால் வேறு பாத்திரம் எடுத்துக்கொள் என்பார்கள். ஒரு வருஷமாகத் தன் வாயால் பேசி வளர்த்தவளுக்குப் பதில் இன்னொருத்தியா? அதற்கு வராமலே இருந்துவிடலாம். அதைவிடப் பெரிய அநியாயம், கண்ணுக்கு முன்னால் தெரிகிற ஒன்றைத் தெரியாது என்று நடிக்கச் சொல்வது.

பகடை உருண்டது. சுளுக்கு உண்மைதான் என்று பவதாரிணி ஏற்றுக்கொண்டாள். உடனே ராஜபாண்டி, கருத்தக்கண்ணனின் குரலில் குழைந்தான்.

"நீங்க எதுக்கு ஆத்தா நடக்கணும்? வாங்க, உப்புமூட்டை தூக்கிட்டுப் போறேன்."

உப்பு விற்கப் போனவள் உப்புமூட்டையாகத் துரோகியின் முதுகில் ஏறினாள். வராமலே தப்ப நினைத்தவள் இப்போது எல்லோருக்கும் முன்னால்.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் பல்லி கத்தியது. நிஜப் பல்லி.

"பல்லி சொல்லிருச்சு. சகுனம் சரியில்ல. முத்துத்தாய் திரும்பிப் போறா" என்றாள் ஜெனி.

"அது என் வீட்டுப் பல்லி. உனக்குத்தான் சொல்லுச்சு, முத்துத்தாய்க்கு இல்ல."

ஜெனி விடவில்லை. மலையில் பல்லியே கிடையாதா, இருந்தால் அதற்கு வாய் கிடையாதா என்று வாதாடினாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி பல்லிச் சகுனம் பார்க்கலாமா என்று ராஜபாண்டி குறுக்கே கேட்டதற்கு, முத்துத்தாய் ஒன்றும் வேதக்காரி இல்லை என்று சீறினாள். நியாயம்தான் என்று சொல்லிப் பவதாரிணி பகடையை நீட்டினாள். ஜெனி உருட்டினாள். ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண்.

கணவாயில் பல்லி இருந்தது. ஆனால் கத்தவில்லை. முத்துத்தாயின் உச்சந்தலையில் விழுந்தது.

பல்லி தலையில் விழுந்தவளோடு சேர்ந்து போனால் சாவு வரும் என்று உப்புக்காரர்களாக ஆடிய மற்ற இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவளும் வழிகாட்டியும் முன்னால் தனியாகப் போகட்டும், தாங்கள் தள்ளி வருகிறோம் என்றார்கள்.

ஜெனி மேசையில் அறைந்தாள். "டேய், நீ கள்வனோட கூட்டுன்னு எனக்குத் தெரியும்டா."

"உங்களுக்கு எப்படி ஆத்தா தெரியும்?" என்று ராஜபாண்டி கேட்டான். பால் குடிக்கும் பிள்ளையின் முகம்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த முகம்தான் அவளை அறுத்தது. பொய்யை இம்புட்டு இயல்பாக முகத்தில் பூசிக்கொள்ள ஒருவனால் எப்படி முடிகிறது? உள்ளே ஒன்றுகூடக் குத்தாதா?

போன் அடித்தது. மாமியார் பிலோமினாள். ஜெனி எல்லோரையும் கையமர்த்திவிட்டு எடுத்தாள்.

"டியூசன் எடுத்துக்கிட்டு இருக்கேன் அத்தை."

பிலோமினாளுக்குப் பகடை என்றாலே சூதாட்டம். தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு முடிந்தன. அதனால்தான் ஏழைப் பிள்ளைகளுக்கு டியூசன். அதென்ன சத்தம் என்று மாமியார் விசாரித்தாள். கருத்தக்கண்ணன் என்றொரு பையன் முத்துத்தாய் என்ற பிள்ளையை ஏமாற்றப் பார்க்கிறான், அதட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஜெனி தடுமாறாமல் சொன்னாள். ஏமாற்றுகிறவனை மட்டும் விடாதே என்று சொல்லிப் பிலோமினாள் போனை வைத்தாள்.

கணவாய் வாசலில் அன்றைய ஆட்டம் நின்றது. அடுத்த ஞாயிறு உள்ளே போயாக வேண்டும். பதறாமல், சந்தேகப்படாமல், துரோகியின் முதுகில் சிரித்துக்கொண்டே போக வேண்டும் என்று பவதாரிணி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

ஷேர் ஆட்டோவில் புதூர் வரும்வரை ஜெனி மனதுக்குள் சண்டை போட்டாள். தெரிந்த பிறகு தெரியாததாக இருப்பது மனுஷ சுபாவத்துக்கே விரோதம். அப்படி இருக்கிறவள் ஒன்று கல்லாக இருக்க வேண்டும், இல்லை கள்ளியாக இருக்க வேண்டும். முத்துத்தாய் இரண்டும் இல்லை.

பிலோமினாள் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பய திருந்துனானாம்மா?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது ஜெனிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"அவன் எங்க அத்தை திருந்துறான்? அவன் ஏமாத்துறான்னு எல்லாருக்கும் தெரியுது. ஆனா முத்துத்தாய் மட்டும் தெரியாத மாதிரி சிரிச்ச முகமா அவன்கூடப் போகணுமாம். எல்லாரும் சேர்ந்து சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க அத்தை, தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருக்க ஒரு மனுசியால முடியுமா?"

பிலோமினாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் முடியாது? நீ பகடை உருட்டப் போறது பிலோமினாளுக்கு எப்பவோ தெரியும். உன் மாமியாருக்குத்தான் இன்னும் தெரியாது."