அசையாத பூஜ்யம்

அனலாக் சிப் வடிவமைக்கிறவர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். எனக்கு அப்போது அது மட்டும்தான் இருந்தது.

என் முதல் சிப் ஒரு வோல்டேஜ் ரெஃபரன்ஸ். வெயிலோ குளிரோ, 1.2 வோல்ட்டை விட்டு அது நகரக் கூடாது. மற்ற சர்க்யூட்கள் அதை வைத்துத்தான் அளக்கும். ஆனால் இந்த ஜாதி சர்க்யூட், சுவிட்ச் போட்டதும் எழுப்பிவிடாவிட்டால் பூஜ்யத்திலேயே தூங்கிவிடும். எழுப்புவதற்கென்றே நாலைந்து டிரான்சிஸ்டர் சேர்க்க வேண்டும். மேனேஜர் கேட்டபோது, "சிமுலேஷன்ல தானாவே எழுந்துக்குது சார், எதுக்கு வீணா இடம்?" என்றேன். (மேதை இடத்தை மிச்சம் பிடித்தாராம்!)

அந்தச் சிப் வைத்த வெப்பமானியைச் சோதிக்க, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஃபோர்மேன் ஏகாம்பரம், நான் காதலித்த ரேவதியின் அப்பா. "இன்னிக்கு எங்க நைனாகிட்ட பாஸானாதான் நீ பொண்ணு கேட்டு வரலாம்" என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"உலைக்குப் பக்கத்துல வெச்சாலும் அசையாது மாமா" என்றேன்.

"மாமாவா? மொதல்ல சுவிட்ச போடு."

போட்டேன். பூஜ்யம்.

"இன்னாபா, உலை ஐஸாயிடுச்சா?"

வெப்பமானியின் மூடியைத் திறந்து, சிப்பின் காலில் மல்டிமீட்டர் முனையை வைத்தேன். உடனே எண்கள் வந்தன. "லூஸ் கனெக்‌ஷன்" என்று புளுகினேன். அவர் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டார். பூஜ்யம். நான் தொட்டேன், வந்தது. இன்னொரு தடவை அணைத்துப் போட்டார். பூஜ்யம்.

அப்போதுதான் உறைத்தது. லேபில் எப்போதும் மீட்டர் முனையை வைத்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுவேன். அதிலிருந்து கசிந்த துளி கரண்ட்தான் இத்தனை மாதமாகச் சிப்பை எழுப்பிக்கொண்டிருந்தது. அளந்தேன் என்று நினைத்த முட்டாள், தட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ சொன்னது கரெக்ட்டுதான்," என்றார் ஏகாம்பரம். "பூஜ்யத்துலயே அசையாம நிக்குது. தெனம் வந்து தொட்டு எழுப்புவியா, இல்ல இங்கியே படுத்துக்கிறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவமானத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. "லூஸ் கனெக்‌ஷன் இல்ல சார். எழுப்புற சர்க்யூட்ட நான்தான் வேணாம்னு உட்டுட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றவர், அதற்கு மேல் திட்டவில்லை.

சிப்பைத் திருத்தி, அதே உலையருகே ஓட்டிக் காட்டிய பிறகு பெண்ணைக் கொடுத்தார். மரியாதையை மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இருங்க, மாப்ளய எழுப்பி உட்றேன்" என்று என் தோளில் ஒரு விரலை வைக்கிறார். ரேவதியும் அப்படித்தான், என் மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். விரல் பட்டதும் நானும் எழுந்து நிற்கிறேன், அதுதான் கேவலம்.